கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே மந்திரம்

சமஸ்கிருதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு வரிதான். ஆரம்பத்தில் அதை அர்த்தம் தெரியாமலே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு அதை நினைத்தாலே பயம் பிடிக்கும்படி ஆகிவிட்டது. என்னை யாரும் கூப்பிட்டு வைத்துப் பயமுறுத்தவில்லை. அந்தப் பயத்தை நானேதான் ஒற்றைக் காலில் நின்று கேட்டு வாங்கினேன்.

எங்களுடையது இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டம். அங்கே கல்யாணம் என்றால் மாரியம்மன் கோயிலில் பூசாரி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, "அம்மா தாயே, இந்தப் புள்ளைகள நல்லா வச்சிரு" என்று சொல்லித் தாலியை எடுத்துக் கொடுப்பார். அம்மனுக்கும் புரியும், எங்களுக்கும் புரியும். என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு மட்டும் அது போதவில்லை.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தேன். அங்கே ஐயர் அக்கினி வளர்த்து இரண்டு மணி நேரம் மந்திரம் சொன்னார். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மொழியில் சொன்னால்தான் கடவுள் வரைக்கும் போகும், நாங்கள் பேசுவதெல்லாம் கோயில் தகரக் கூரையோடு நின்றுவிடும் என்று தோன்றியது. மறைக்காமல் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நமக்கு எதுக்கும்மா ஐயரு? நம்ம பூசாரி சொன்னா ஆத்தா கேக்க மாட்டாளா?" என்றார் அப்பா.

"கேப்பா. ஆனா எனக்கு மந்திரம் சொல்லித்தான் கல்யாணம் நடக்கணும்."

"மாப்பிள்ள வீட்டுல என்னா சொல்வாங்களோ."

"என்னா வேணாலும் சொல்லட்டும்."

மாப்பிள்ளை எங்கள் தோட்டத்திலேயே பக்கத்து டிவிஷன்காரர். எஹெலியகொடப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டுகிற குழியில் வேலை. தகப்பன் இல்லாதவர், அதிகம் பேசாதவர். ஐயர் வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இரத்தினபுரிக்குப் போய் ஒரு ஐயரைப் பேசிவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொழும்பில் குண்டு வெடித்தது. எங்கு பார்த்தாலும் ஆமியும் போலீசும் பஸ்ஸை நிறுத்தித் தமிழர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் தோட்டத்து ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. கணக்கப்பிள்ளை ஓடி வந்து வாசலில் நின்று சொன்னார்: "ஐயரு வரலியாம். குடுமியும் விபூதியுமா பஸ்ஸுல ஏற அவரு வீட்டுல விடமாட்டேங்கிறாங்களாம்."

ஐயரை நான் குறை சொல்ல மாட்டேன். இறக்கி நிறுத்தப்பட்டவர்களில் சிலர் மறு பஸ் ஏறவே இல்லை என்பது எங்கள் தோட்டத்துக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் என் புத்தியில் ஏறவில்லை. கூறைச் சேலையோடு உட்கார்ந்து ஊர் கேட்க அழுதேன். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் பூசாரி மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். எண்ணெயும் குங்குமமும் பட்டு அட்டை கறுத்துப்போன கொப்பி. இளவயதில் அவர், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே ஒரு டவுன் கோயிலில் இருந்த ஐயருக்கு விறகு கொத்திப்போட்டுத் தண்ணீர் சுமந்தவராம். அந்த ஐயர் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டதாம் இது. அதை அவர் எதற்கெல்லாம் திறப்பார் என்று நான் கேட்கவில்லை. பெண்கள் நிற்கிற இடங்களில் அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"அழுவாத தாயி. ஐயரு சொல்ற அதே மந்திரம் எங்கிட்டயும் இருக்கு" என்றார்.

அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அக்கினி வளர்த்தார்கள். பூசாரி கொப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க, விரலில் தர்ப்பை போட்ட மாப்பிள்ளை திரும்பச் சொன்னார். தப்பு மேளச் சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. "த்விதீய பரார்த்தே, ஸ்வேத வராஹ கல்பே..." அந்த இடத்தில் மாப்பிள்ளையின் குரல் அடைத்துக்கொண்டது. பூசாரி மூன்று தடவை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. கை நடுங்கி, நெய் தீக்கு வெளியே சிந்தியது. என் தோழிகள் சிரித்தார்கள், கூச்சம் என்று நானும் சிரித்தேன். மூன்று தடவை கேட்டதால் அந்த வரி எனக்குப் பாடமாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் பூசாரி நிறுத்தி, எங்கள் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். என் பெயர் சமஸ்கிருதத்துக்குள்ளே போய் வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பல நாள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே அரிசி களைந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்தினேன். ஒரு சனிக்கிழமை குழியிலிருந்து வந்தவர் அதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அத வீட்டுல சொல்லாத புள்ள."

"ஏங்க?"

"சொல்லாதன்னா சொல்லாத."

குரலை உயர்த்தாத மனிதர் அன்றைக்கு உயர்த்தினார். மந்திரத்தைக் குளிக்காமல் முழுகாமல் கண்ட இடத்திலும் சொல்லக் கூடாது போலிருக்கிறது, டீச்சராக இருந்தும் எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். அவிசாவளை ஆஸ்பத்திரியில் நான் இருந்த மூன்று நாளும் அவர் வாசல் மரத்தடியை விட்டு நகரவில்லை, சோறும் தின்னவில்லையாம். நான் வீட்டுக்கு வந்த அன்றே மொட்டையடித்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் விழுந்து கிடந்தார். "பொண்டாட்டி புள்ள பெத்ததுக்கு இந்தாளு மொட்டை போட்டிருக்கான் பாரு" என்று லயமே கேலி செய்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஆனால் அடுத்த பிள்ளை என்ற பேச்சை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார். "ஒண்ணு போதும்." எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் பதில். மாமியார் என்னைத்தான் குறையாகப் பார்த்தார். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தது, அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன், சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். கல்லைப் போல இருந்தார். இவருக்கு என் மேல் ஆசை விட்டுப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரத்தில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் கருமாதி, ஓடைக்கரையில். பெண்கள் அங்கே போவது வழக்கமில்லை. "எங்கப்பாவுக்கு நான்தான் மூத்த புள்ள" என்று சொல்லி, யார் தடுத்தும் கேட்காமல் போய்த் தம்பிக்குப் பின்னால் நின்றேன்.

பூசாரி மஞ்சள் துணியை அவிழ்த்தார். அதே கொப்பி. தம்பியின் விரலில் தர்ப்பை. வாசிக்கத் தொடங்கினார்.

"த்விதீய பரார்த்தே, ஸ்வேத வராஹ கல்பே..."

என் காது தவறாகக் கேட்கிறது என்று நினைத்தேன். தம்பி அதைத் திரும்பச் சொன்னான். ஒரு எழுத்து மாறவில்லை. கொஞ்சம் தள்ளி அதே இடத்தில் பூசாரி நிறுத்தி, பெயரைச் சேர்த்தார். எங்கள் இரண்டு பேரின் பெயர் போன இடத்தில் அப்பாவின் பெயர் போயிற்று. நான் அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். பூசாரிக்குத் தெரிந்தது கருமாதி மந்திரம் ஒன்றுதான், நான் அழுத அழுகையில் அதையே என் கல்யாணத்துக்கும் சொல்லிவிட்டார். அக்கினிக்கு முன்னால், கடவுளுக்குக் கேட்கிற மொழியில், உயிரோடு இருந்த என் புருஷனுக்குக் கருமாதி நடந்திருக்கிறது. என் பெயரும் அதில் போயிருந்தது, ஆனால் குழிக்குள் இறங்குகிறவர் அவர்தானே. அதைக் கேட்டு வாங்கியவள் நான். தமிழில் தப்பாகச் சொல்லியிருந்தால் அம்மன் மன்னித்துவிடுவாள், பெற்ற பிள்ளைகள் உளறுவதைப் போல எடுத்துக்கொள்வாள். சமஸ்கிருதத்தில் சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்று உறுதியாக நம்பினேன். அந்த மொழிக்கு அவ்வளவு சக்தி என்று நினைத்துத்தானே அதைக் கேட்டேன்?

யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை. மாமியாரிடம் சொன்னால் அன்றோடு என் குடும்பம் முடிந்தது. அவரிடம் சொன்னால் குழிக்குள் இறங்கும்போது அவருக்குக் கை நழுவும். வேறொரு ஐயரிடம் போய்க் கேட்கலாம் என்றால், "ஆமா, அது கருமாதி மந்திரந்தான்" என்று அவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? விஷயம் வெளியே போனால் பூசாரியும் தோட்டத்தில் தலைகாட்ட முடியாது.

அவருடைய குழியை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சதுரமாக வெட்டி, உள்பக்கம் முழுக்கக் கட்டை அடித்து, மண் சரியாமல் இடுக்கில் பன்னம் என்கிற பெரணிச் செடியைத் திணித்திருப்பார்கள். மேலே ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் அடியில் தண்ணீர் ஏறும். திங்கட்கிழமை காலையில் அவர் படி இறங்கிப் போவதைப் பார்ப்பேன். சனிக்கிழமை மாலை வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது. மழை பெய்தால் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஓடும். தோட்டத்து ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் சாக்பீஸ் கையிலிருந்து விழும். பிள்ளைகள் அதைப் பழகிப்போய், விழுந்ததும் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு நாள் ஜீப் உண்மையாகவே பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஆபீஸ் கிளாக்கர் இறங்கி வந்தார்.

"டீச்சர், எஹெலியகொடப் பக்கம் ஒரு குழி சரிஞ்சிருச்சாம். நம்ம ஆளுங்க ரெண்டு பேரு உள்ளயாம். பேரு தெரியல."

எந்தப் பஸ்ஸில் ஏறினேன், யார் டிக்கெட் எடுத்தார்கள் என்று இன்றுவரை ஞாபகமில்லை. பஸ் முழுக்க அந்த வரி என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றிக் கூட்டம். சேற்றில் மூழ்கின மாதிரி ஒரு ஆள் வாளியோடு திரும்பினார். அவர்தான். அவருடைய குழி பக்கத்துக் குழி, சரிந்த இடத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "ஒனக்கு என்னா புள்ள? ஒனக்கு என்னா ஆச்சு?" என்று என் முகத்தையும் கையையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். செத்தாரோ பிழைத்தாரோ என்று நான் ஓடி வந்தால், இந்த மனிதர் என்னைத் தடவிப் பார்க்கிறாரே என்று இருந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரையும் சாயங்காலத்துக்குள் உயிரோடு தூக்கினார்கள்.

இந்தத் தடவை தப்பிவிட்டார், அடுத்த தடவை தப்ப மாட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இனியும் தெரியாமல் இருக்க முடியாது.

பூசாரியிடம் போய், "கொப்பி கிழிஞ்சு போச்சே சாமி, நான் புதுசா எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். பொய்தான். கிழவர் சந்தோஷத்தில் கண் கலங்கி, "ஒன் கையெழுத்துல இருந்தா எவ்வளவு நல்லாருக்கும் தாயி" என்று மஞ்சள் துணியோடு கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது, அவ்வளவுதான். எதற்கும் தலைப்பு இல்லை. என் வரி முதல் பக்கத்திலேயே இருந்தது. பெயர் சொல்கிற இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து வெற்றாக விட்டிருந்தார். அந்தப் புள்ளிகளில் அவர் பெயரையும் அப்பாவின் பெயரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

எங்களுக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் பன்சல என்கிற புத்த கோயில், அதோடு சேர்ந்து சின்ன ஹாமுதுருமார், அதாவது இளம் பிக்குகள், படிக்கிற பிரிவெனாப் பள்ளிக்கூடம். அங்கே சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சிங்களம் படிப்பிக்க வந்த டீச்சர் சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கலவரத்தில் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தவர்கள் அந்தக் கிராமத்து ரோட்டால்தான் வந்தார்கள். எங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் அதே கிராமத்தில் இருந்தார்கள்தான். ஆனாலும் அன்றைக்குக் காட்டுக்குள் ஓடின கால், அந்த ரோட்டைக் கண்டால் இன்றைக்கும் பின்வாங்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். சண்டைக் காலம் என்பதால் பன்சல வாசலில் துப்பாக்கியோடு ஊர்க்காவல்காரர் ஒருவர் நின்றார். மஞ்சள் துணியை அவிழ்க்கச் சொன்னார். எழுத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"மொகக்த மேக? தெமளத?"

இது என்ன, தமிழா என்று கேட்கிறார். எழுத்து தமிழ், பாஷை சமஸ்கிருதம் என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவர் முதல் பக்கத்தைப் புரட்டி, அந்தப் புள்ளிகளில் விரலை வைத்தார்.

"இங்கே என்ன? யாருடைய பேர் எழுத விட்டு வைத்திருக்கிறாய்?"

கல்யாணம் செய்கிறவர் பேர், இல்லாவிட்டால் செத்தவர் பேர் என்று துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது? "இன்ன", அதாவது இரு என்று என்னை நிற்க வைத்துவிட்டுக் கொப்பியோடு உள்ளே போனார். வெள்ளை மதிலுக்குப் பக்கத்தில் நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், மகளை மாமியார் வளர்ப்பார், அவர் என்னைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைவார் என்று எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். ஓடலாமா என்றுகூட நினைத்தேன். கொப்பி உள்ளே இருந்ததால் ஓடவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வயதான பெரிய ஹாமுதுரு இருப்பார் என்று நினைத்துப் போனால், முப்பது வயதுகூட இருக்காத ஒருவர் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. இவ்வளவு சின்ன வயதுக்காரருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்னும் பயமாயிற்று. அவர் பேசியது சிங்களத்தில்தான், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு இந்த எழுத்துத் தெரியாது. நீங்கள் படியுங்கள்."

கையைக் கட்டிக்கொண்டு நின்று படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பலமாக" என்றார். பலமாகப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், ஒவ்வொரு இடத்தில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். "பரார்த்தே" வந்ததும் கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார். பக்கத்தை நான் படித்து முடித்த பிறகுதான் கேட்டார்.

"எதற்காக நடுங்குகிறீர்கள்?"

அழுகை வந்துவிட்டது. கல்யாணம், கருமாதி, குழி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அந்தத் துறவியிடம் கொட்டினேன். என் அம்மாவிடம்கூடச் சொல்லாதது.

அவர் இருமி முடித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்: "வகுப்பில் கரும்பலகையில் முதலில் என்ன எழுதுவீர்கள்?"

"திகதி, ஹாமுதுருவனே."

"இதுவும் அதுதான். பிரம்மாவின் ஆயுளில் பாதி முடிந்து இரண்டாம் பாதி நடக்கிறது, அதில் வெள்ளை வராகத்தின் காலம், அதில் இந்த வருஷம், இந்த மாதம், இந்த நாள், இந்த தேசம், இந்த ஆற்றங்கரை என்று வருகிறது. உங்கள் ஆட்கள் எந்தச் சடங்கைத் தொடங்கினாலும், எப்போது எங்கே நின்று செய்கிறோம் என்று முதலில் சொல்லிக்கொள்வார்கள். இந்தப் புள்ளி வைத்த இடத்தில் பெயரையும் என்ன காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கும் இதுதான், செத்த வீட்டுக்கும் இதுதான். உங்கள் புருஷனுக்கு யாரும் கருமாதி செய்யவில்லை."

நான் கேட்டது சரிதானா என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னார்.

"ஆனால் ஒரு பிழை இருக்கிறது" என்றார். "நீங்கள் இந்தியாவுக்குப் போயா கல்யாணம் செய்தீர்கள்? பாரத தேசத்தில், காவேரியின் தென்கரையில் என்று இருக்கிறதே."

காவேரி என்ற சொல்லை நானும் பார்த்துத்தான் இருந்தேன். மந்திரத்தில் எல்லா ஆறும்தான் வரும் என்று விட்டுவிட்டேன். தஞ்சாவூர் ஐயர் தன் ஊரைச் சொன்னதைப் பூசாரி அப்படியே எழுதிக்கொண்டு, இத்தனை வருடமாக அதையே வாசித்திருக்கிறார். எங்கள் அப்பா இந்த மண்ணில் பிறந்தவர். நீ இந்த நாட்டுக்காரன்தான் என்று ஒரு காகிதம் வாங்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியே அவர் தலை நரைத்தது. நாங்களோ எங்கள் கோயிலில், எங்கள் வாயாலேயே, நாங்கள் இங்கே இல்லை என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பாவின் கருமாதியிலும் அதைத்தான் சொன்னோம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்த இடத்தை நான் விரலால் காட்ட, அவர் பென்சிலை எடுத்து, அதற்கு மேலே சிங்கள எழுத்தில் எழுதினார். "லங்கா த்வீபே, ஸீதாவக நத்யாஸ் தீரே" என்று வாசித்தும் காட்டினார். இலங்கைத் தீவில், சீதாவக்க ஆற்றின் கரையில். நான் அதற்குக் கீழே தமிழில் எழுதிக்கொண்டேன். வெளியே வரும்போது ஊர்க்காவல்காரர் கொப்பியை மறுபடி வாங்கிப் பார்த்தார். ஹாமுதுருவின் கையெழுத்தைக் கண்டதும் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் குழியிலிருந்து வந்திருந்தார். மாமியாரும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருடமாக நான் செத்துச் செத்துப் பிழைத்ததையும், அது வெறும் திகதியும் இடமும்தான் என்பதையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டாவது புள்ள பெத்தா ஒனக்கு ஒண்ணும் ஆவாதா புள்ள?"

எனக்கு விளங்கவில்லை.

"எங்கப்பா கருமாதிக்குப் பூசாரி இதைத்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. கல்யாணத்துல திரும்ப அதையே சொல்றாரு. நிறுத்தச் சொல்லியிருக்கணும். நீ அவ்வளவு அழுது கேட்ட மந்திரம்னு வாய மூடிக்கிட்டேன். என் வாயால ஒன் பேரையும் சேத்துச் சொல்லிட்டேனே."

பாப்பா பிறந்தபோது நான் பிழைத்தது அம்மன் போட்ட பிச்சை என்று நினைத்தாராம். இரண்டாம் தடவை கேட்டால் தரமாட்டாள் என்று நினைத்தாராம். நான் பயந்தது ஒன்றரை வருடம். அவர் ஆறு வருடம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "வாயத் தொறந்து சொன்னா என்னா?" என்று அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். நீ மட்டும் சொன்னியா என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. அடியை வாங்கிக்கொண்டார்.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, "அத இன்னொரு தடவ சொல்லு. சரியான எடத்தப் போட்டுச் சொல்லு" என்றார். சாமி படத்துக்கு விளக்கேற்றி, கல்யாணத்தன்று உட்கார்ந்த மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொப்பியை மடியில் வைத்து நான் வாசித்தேன், அவர் கரண்டியில் நெய்யை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பச் சொன்னார். த்விதீய பரார்த்தே. லங்கா த்வீபே. ஸீதாவக நத்யாஸ் தீரே. புள்ளி வைத்த இடத்தில் அவர் பெயரையும் என் பெயரையும் சொல்லி, என்ன காரியம் என்பதற்குச் சமஸ்கிருதச் சொல் தெரியாததால், "நாங்க நல்லாருக்கணும்" என்றேன். அதையும் அவர் அப்படியே திரும்பச் சொன்னார். பிறகு விளக்கில் நெய்யை ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.